குடல் புற்றுநோயும் இரத்தப் பரிசோதனையும்



வழக்கமாக இந்தப் பக்கங்களில் வரிப் பிரச்சினை, தராசு முத்திரை, பருப்பு வரத்து பற்றியே எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை எழுதப்போவது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். காரணம் உண்டு. போன மாதம் ஒரே வாரத்தில் நம் உறுப்பினர்கள் இருவர் ஆளுக்கொரு லேப் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கீழமாசி வீதியில் உள்ள என் மண்டிக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவர் மளிகைக் கடைக்காரர், வயது 48. சலுகை விலையில் 'முழு உடல் பரிசோதனை' என்று நோட்டீஸ் பார்த்து இரத்தம் கொடுத்திருக்கிறார். சர்க்கரை, கொழுப்பு, உப்பு என்று மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில் சி.இ.ஏ. என்ற வரிக்கு நேரே 6.2 என்று தடித்த எழுத்தில் போட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. "சி.இ.ஏ.ன்னா கேன்சராம் அண்ணாச்சி, பையன் செல்போன்ல பார்த்துச் சொன்னான். நாலு நாளாத் தூக்கம் இல்லை" என்றார். கை நடுங்கியது.

இரண்டு நாள் கழித்து வந்தவர் அரிசிக் கடைக்காரர், வயது 57. எட்டு மாதமாக மலத்தோடு இரத்தம் போகிறது. கல்லாவில் உட்கார்ந்தே இருப்பதால் மூலம் என்று தானே முடிவு செய்துகொண்டு நாட்டு மருந்து சாப்பிட்டு வந்திருக்கிறார். அவரும் அதே மாதிரி ஒரு பரிசோதனை செய்திருந்தார். சி.இ.ஏ. 1.8. "கேன்சர் இல்லைன்னு எழுதியே கொடுத்துட்டாங்க அண்ணாச்சி" என்று சந்தோஷமாக நீட்டினார்.

நான் இரண்டாமவரைத்தான் உடனே டாக்டரிடம் போகச் சொல்லி விரட்டினேன். அவருக்குக் கோபம்கூட வந்தது. அவர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

என்னிடம் ஏன் வந்தார்கள் என்றால், என் தம்பிக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்து சிகிச்சை நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். 2021 முதல் அவனுடைய ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நான்தான். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். வைத்தியம் படித்தவன் அல்ல. டாக்டர்கள் சொன்னதையும், புரியாமல் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். எழுதி முடித்து எங்கள் குடும்ப டாக்டரிடம் படித்துக் காட்டித் திருத்தியும் கொண்டேன்.

தம்பியின் நோய் முதலில் தெரிந்ததே ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில்தான். 2020-ஆம் வருடக் கடைசியில் மூட்டை அடுக்கைச் சுற்றி வந்தாலே அவனுக்கு மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 7.8 இருந்தது. ஆண்களுக்குச் சாதாரணமாக 13-க்கு மேல் இருக்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். குடித்தான், கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. இரண்டு பாட்டில், மூன்று பாட்டில் என்று நான்கு மாதம் போயிற்று.

பிறகு பார்த்த டாக்டர் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் மறக்கவில்லை. "ஐயா, உங்க குடோன்ல மாசா மாசம் ரெண்டு மூட்டை குறையுதுன்னா, ரெண்டு மூட்டை வாங்கி வெச்சுட்டு சும்மா இருப்பீங்களா?" ஐம்பது வயதைக் கடந்த ஆணுக்கு இரும்புச் சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தால், இரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டுமாம். வயிற்றிலோ குடலிலோ கசிவு இருக்கலாம். பெருங்குடலின் வலது பக்கத்தில் வரும் கட்டி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போகாது. சொட்டுச் சொட்டாகக் கசிந்து மலத்தோடு கலந்து போய்விடும். ஆளுக்கு வலியும் இருக்காது. சோர்வு ஒன்றுதான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இதே விதிதான் என்று டாக்டர் சொன்னார். நம் வீட்டுப் பெண்கள் சோர்வை வெளியில் சொல்வதே இல்லை என்பதால் இதைக் குறிப்பாக எழுதுகிறேன்.

கொலோனோஸ்கோபி செய்தார்கள். ஆசன வாய் வழியாக கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. வலது பக்கம் கட்டி இருந்தது. சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்துப் புற்றுநோய் என்று உறுதி செய்தார்கள். தம்பிக்கு அப்போது வயது 56. அந்தச் சமயத்தில்தான் சி.இ.ஏ. என்ற பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரத்தைச் சேர்ந்த பில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இரு டாக்டர்கள். 1965-இல் வெளியிட்டார்கள். தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையின் குடலில் ஒருவகைப் புரதம் அதிகமாக உண்டாகிறது. பிறந்த பிறகு அது மிகவும் குறைந்துவிடுகிறது. குடலில் புற்றுக்கட்டி வந்தால் மறுபடி அதிகமாக உண்டாகி இரத்தத்தில் கலக்கிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அது எத்தனை நானோகிராம் இருக்கிறது என்பதே ரிப்போர்ட்டில் வரும் எண். பீடி, சிகரெட் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சுமார் 3-க்குள்ளும், பழக்கம் உள்ளவர்களுக்கு 5 வரையிலும் சாதாரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். லேபுக்கு லேப் இந்த அளவு சற்று மாறும்.

புதிதாகக் கண்டுபிடித்தபோது இந்த ஒரு பரிசோதனையிலேயே குடல் புற்றை எல்லாரிடமும் ஆரம்பத்தில் பிடித்துவிடலாம் என்று நம்பினார்களாம். நடக்கவில்லை. கட்டி சிறியதாக, குடல் சுவரோடு நிற்கும் காலத்தில் பெரும்பாலோருக்கு இந்த எண் ஏறுவதே இல்லை. முற்றிய நோயிலும் ஏறாதவர்கள் உண்டு. மறுபக்கம், புற்றே இல்லாமலும் ஏறும். புகைப்பவர்களுக்கு ஏறும். கல்லீரல் கெட்டவர்கள், கணையத்தில் அழற்சி உள்ளவர்கள், குடல் புண் நோய்க்காரர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் ஏறலாம். ஆகவே நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள நல்லாயிருக்கிற மனிதருக்கு இதை எடுக்க வேண்டாம் என்றுதான் உலகமெங்கும் உள்ள மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அப்படியிருக்கச் சலுகைப் பரிசோதனைப் பட்டியலில் இதை ஏன் சேர்க்கிறார்கள் என்று கேட்டேன். "ஐட்டம் கூடினாத்தானே ஐயா பேக்கேஜ் விலை போகும்" என்று எங்கள் டாக்டர் சிரித்தார். வியாபாரிகளாகிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நிற்க. இந்தப் பரிசோதனை உபயோகமே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நோய் உறுதியான ஒருவருக்கு இதைப் போல உபயோகமான, சில நூறு ரூபாயில் முடிகிற வேறு இரத்தப் பரிசோதனை கிடையாது. வித்தியாசம் இதுதான். முன்பின் தெரியாதவன் ஒருவனுடைய ஒரு நாள் கையிருப்பைப் பார்த்து அவன் நாணயஸ்தனா என்று நம்மால் சொல்ல முடியாது. பத்து வருடம் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கைக்காரருடைய பேரேட்டைப் புரட்டினால், பாக்கி எந்த மாதத்திலிருந்து கூடுகிறது என்று உடனே தெரிந்துவிடும். சி.இ.ஏ. பேரேட்டுக் கணக்கு மாதிரி.

தம்பிக்கு ஆபரேஷனுக்கு முன்பு 14.2 இருந்தது. 2021 பிப்ரவரியில் வலது பக்கக் குடலை எடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 2.0. இரத்தத்தில் உள்ள இந்தப் புரதம் சுமார் ஒரு வாரத்துக்குள் பாதியாகக் குறையுமாம். எனவே கட்டி முழுவதும் நீங்கியிருந்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் சாதாரண அளவுக்கு வந்துவிட வேண்டும். வராமல் நின்றால் எங்கோ மிச்சம் இருக்கிறதோ என்று தேடுவார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒருமுறை இதை எடுத்துக் குறித்துக்கொள்வது அவசியம் என்பது இதனால்தான். அவசர ஆபரேஷனில் சில சமயம் விட்டுப்போகிறது. முன்பு ஏறாமல் இருந்தவர்களுக்கும் நோய் திரும்பும்போது ஏறக்கூடும் என்பதால், அவர்களும் பார்த்து வரலாம்.

குடலை ஒட்டிய நெறிக்கட்டிகள் இரண்டில் புற்றணுக்கள் இருந்ததால் மூன்றாம் நிலை என்று சொல்லிக் கீமோ சிகிச்சை கொடுத்தார்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன்பு இரத்தம் எடுப்பார்கள். இது சி.இ.ஏ. அல்ல, வெள்ளையணு, தட்டணு, ஹீமோகுளோபின், கல்லீரல், சிறுநீரகம் இவற்றின் நிலவரம். நான்காவது தவணைக்குப் போனபோது நோயை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 1,100 தான் இருந்தது. 1,500 ஆவது இருக்க வேண்டும் என்று சொல்லி ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். தம்பி வெளியில் வந்து என்னிடம் கோபித்துக்கொண்டான். "அண்ணே, மருந்தைத் தள்ளிப் போட்டா வியாதி ஏறிடாதா? நீங்க சொல்லிப் பாருங்க" என்றான். நானும் போய்க் கேட்டேன். அந்த நிலையில் மருந்து கொடுத்தால் சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும், ஒரு வாரத் தாமதத்தால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை என்று விளக்கினார்கள். அப்போது சொன்ன இன்னொன்று: கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

மருந்து தொடங்கும் முன்பே எடுக்க வேண்டிய ஒரு பரிசோதனையும் உண்டு. குடல் புற்றுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் 5-எஃப்.யு. ஊசியையும் கேப்சிடபின் மாத்திரையையும் உடம்பில் சிதைத்து வெளியேற்றுவது டி.பி.டி. என்ற ஒரு நொதி. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. அவர்களுக்கு வழக்கமான அளவு மருந்தே விஷமாகிவிடும்; உயிருக்கே ஆபத்து. இரத்தத்தில் பார்த்து இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இதைச் செய்து பார்க்கும்படி பரிந்துரைத்தது. எல்லா இடத்திலும் தானாகச் செய்துவிடுவதில்லை. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில் சி.இ.ஏ. தற்காலிகமாக ஏறி இறங்குவதும் உண்டாம். எங்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகிறவர்கள் அந்த ஒரு எண்ணைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று இடிந்துபோக வேண்டாம்.

கீமோ 2021 செப்டம்பரில் முடிந்தது. முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஐந்து வருடம் முடிய ஆறு மாதத்துக்கு ஒரு முறை சி.இ.ஏ., குறிப்பிட்ட இடைவெளியில் சி.டி. ஸ்கேன், ஆபரேஷனான ஒரு வருடத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். நானே ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, லேப், எண் என்று எழுதி வந்தேன். 2.1, 1.9, 2.2, 2.3. நாலு தடவை ஒரே மாதிரி வரவும் எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் தவறு செய்தோம்.

2022-இல் தீபாவளி அக்டோபர் 24. அந்த மாதம்தான் அடுத்த பரிசோதனை. சீசனில் மண்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "தீபாவளி போகட்டும் அண்ணே" என்றான். சரி என்றேன். தீபாவளி போனது, வசூலுக்கு ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. பிறகு பொங்கல் சரக்கு. ஜனவரி மூன்றாம் வாரம்தான் இரத்தம் கொடுத்தான். அதையும் வழக்கமான லேபில் கொடுக்காமல் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த லேபில் கொடுத்தான். எண் 4.6. அந்த லேப் காகிதத்தில் '5 வரை சாதாரணம்' என்று அச்சடித்திருந்தது. நட்சத்திரம் இல்லை. இருவரும் நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுக் கடைக்குப் போனோம்.

டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. என் நோட்டைத்தான் வாங்கிப் பார்த்தார். "2.3-லேருந்து 4.6. இரண்டு மடங்கு ஆகியிருக்கே ஐயா" என்றார். அச்சடித்த எல்லை ஊருக்கெல்லாம் பொது; தம்பியின் அளவு 2, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். அடுத்து, லேப் மாற்றியதற்காக எங்களைக் கண்டித்தார். ஒவ்வொரு கம்பெனி மெஷினிலும் இந்த அளவு கொஞ்சம் வித்தியாசமாக வரும். ஒரே தராசில் நிறுத்தால்தான் எடை கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியும். இது தெரியாதவனா நான்? பழைய லேபுக்கே அனுப்பினார். 5.4 வந்தது. நான்கு வாரம் கழித்து மறுபடி எடுத்ததில் 7.9. ஒரு தடவை ஏறியதை வைத்து முடிவு செய்வதில்லை, திரும்ப எடுத்தும் ஏறினால்தான் தேடத் தொடங்குவார்கள்.

சி.டி. ஸ்கேனில் கல்லீரலின் வலது பாகத்தில் மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரே ஒரு கட்டி தெரிந்தது. குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் போய்ச் சேருமிடம் கல்லீரல் என்பதால், பெருங்குடல் புற்று பரவினால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் பரவுகிறது. பரவிவிட்டது என்ற வார்த்தையைக் கேட்டதும் தம்பி சம்சாரம் அழ ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஒரே இடத்தில், வெட்டி எடுக்கக்கூடிய அளவில் இருந்தால் நிலைமை வேறு என்றார்கள். கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்தாலும் மிச்சம் வளர்ந்து ஈடுகட்டிவிடும். இப்படி ஆபரேஷன் செய்து பல வருடம் நன்றாக இருப்பவர்கள் உண்டு. 2023 ஏப்ரலில் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு 1.8. இன்று வரை 2-ஐ ஒட்டியே இருக்கிறது. மண்டிக்கு வருகிறான், கணக்குப் பார்க்கிறான். மூட்டை தூக்க மட்டும் விடுவதில்லை.

அக்டோபரிலேயே எடுத்திருந்தால் கட்டி இன்னும் சிறியதாக இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். என் மனம் சமாதானமாகவில்லை. அந்தத் தீபாவளி லாபக் கணக்கை ஐந்தொகையில் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது.

இப்படித் தொடர்ந்து பார்த்து வருவதால் என்ன பலன் என்று இங்கிலாந்தில் 39 ஆஸ்பத்திரிகளில் 1,202 நோயாளிகளை வைத்து ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். தொந்தரவு வந்தால் மட்டும் பார்க்கலாம் என்று விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 2.3 பேருக்குத்தான், நோய் திரும்பியபோது குணமாக்கும் நோக்கத்தோடு ஆபரேஷன் செய்ய முடிந்தது. சி.இ.ஏ. பார்த்து வந்தவர்களில் அது 6.7 பேர். சி.டி. ஸ்கேன் பார்த்து வந்தவர்களில் 8 பேர். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 6.6, அதாவது இரண்டையும் அடிக்கடி செய்வதால் தனிலாபம் தெரியவில்லை. மொத்தத்தில் உயிரோடு இருப்போர் எண்ணிக்கை கூடியதாக அந்த ஆராய்ச்சியில் நிரூபிக்கப்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எண்ணிக்கை சிறியதுதான். அந்தச் சிலரில் தம்பி ஒருவன் என்பதால் எனக்கு அது சிறியதாகத் தெரியவில்லை.

இப்போது புதிதாக வந்திருக்கும் ஒரு பரிசோதனையைப் பற்றியும் கேட்கிறார்கள். புற்றுக்கட்டியிலிருந்து அதன் மரபணுத் துணுக்குகள் இரத்தத்தில் உதிர்ந்து மிதக்கும். அவற்றையே தேடிப் பிடிப்பது. சுருக்கமாக சி.டி.டி.என்.ஏ. என்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் இரத்தத்தில் துணுக்கு தெரிந்தால் நோய் திரும்ப வாய்ப்பு மிக அதிகம் என்பது உறுதியாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் நிலை நோயாளிகள் 455 பேரிடம் செய்த ஆராய்ச்சி 2022-இல் வெளிவந்தது. வழக்கமான முறையில் முடிவு செய்தபோது நூற்றுக்கு 28 பேருக்குக் கீமோ கொடுத்தார்கள். துணுக்குப் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்தபோது 15 பேருக்குக் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. இரண்டு வருடத்தில் நோய் திரும்பாதவர்கள் இரு பக்கமும் நூற்றுக்கு 92, 93 என்று ஏறக்குறைய சமம். வேண்டாத கீமோ பலருக்கு மிச்சம். இது பெரிய விஷயம்.

ஆனால் அதே குழுவினர் மூன்றாம் நிலை நோயாளிகளிடம் செய்து 2025-இல் வெளியிட்டதில், துணுக்கு தெரிந்தவர்களுக்கு மருந்தைக் கடுமையாக்கியும் நோய் திரும்புவது குறையவில்லை. ஆபத்து இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த அளவுக்கு அதை விலக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். பரிசோதனைக்குச் செலவும் பதினாயிரக்கணக்கில் ஆகிறது. சி.இ.ஏ.யையும் ஸ்கேனையும் விட்டுவிட்டு இதைச் செய்யலாமா என்று நான் கேட்டதற்கு, கூடாது என்றுதான் பதில் வந்தது. இரண்டாம் நிலையில் கீமோ வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரே தயங்கும் இடத்தில் பேசிப் பார்க்கலாம். கடன் வாங்கிச் செய்ய வேண்டியதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

நோயே தெரியாதவர்களுக்கு இரத்தத்தில் குடல் புற்றைத் தேடும் ஷீல்டு என்ற பரிசோதனைக்கு அமெரிக்க அரசு 2024 ஜூலையில் அனுமதி கொடுத்தது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. புற்றுநோய் உள்ள நூறு பேரில் 83 பேரைப் பிடிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புற்றாக மாறும் தறுவாயில் உள்ள கட்டிகளை நூற்றுக்கு 13 தான் பிடிக்கிறது. கொலோனோஸ்கோபியில் அவற்றைப் பார்த்த கையோடு அறுத்தே எடுத்துவிடலாம். நோய் வராமலே தடுத்தாகிவிடும். மூட்டைக்குள் குத்தூசி விட்டுப் பார்ப்பதற்கும் குடோன் வாசலில் நின்று மோந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஷீல்டில் நோய் என்று வந்தாலும் கடைசியில் கொலோனோஸ்கோபிக்குத்தான் போக வேண்டும். செலவு குறைந்த வழி வேண்டுமென்றால், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. கூச்சப்பட்டுக்கொண்டு அதை யாரும் கேட்பதில்லை.

கொலோனோஸ்கோபி என்றதும் பயப்படுகிறார்கள். தம்பிக்கு 60 வயதுக்குள் வந்ததால், உடன்பிறந்தவன் நானும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். முதல் நாள் பேதி மருந்து குடித்துவிட்டு ராத்திரி முழுக்க அலைந்ததுதான் சிரமம். மறுநாள் மயக்கத்தில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. எனக்கு இரண்டு சிறு பாலிப் இருந்து எடுத்தார்கள். சி.இ.ஏ. பார்த்திருந்தால் அது 2-க்குள்தான் இருந்திருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு 40 வயதில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மண்டிக்கு வந்த இருவர் விஷயத்துக்கு வருகிறேன். மளிகைக் கடைக்காரர் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவர். டாக்டர் ஒரு மாதம் கழித்து அதே லேபில் மறுபடி எடுக்கச் சொன்னார். 5.9. ஏறவில்லை. அவர் மனத் திருப்திக்காகக் கொலோனோஸ்கோபியும் செய்தார்கள், சுத்தமாக இருக்கிறது. சிகரெட்டை விடச் சொல்லியிருக்கிறார்கள். பாதியாகக் குறைத்திருப்பதாகச் சொல்கிறார், நான் நம்பவில்லை.

1.8 என்று சந்தோஷப்பட்ட அரிசிக் கடைக்காரருக்கு மலக்குடலில் கட்டி. நல்லவேளையாக வேறெங்கும் பரவவில்லை என்று ஸ்கேனில் சொல்லியிருக்கிறார்கள். சிகிச்சை ஆரம்பித்தாகிவிட்டது. கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். அவர் கடைக்குச் சரக்கு அனுப்பும் உறுப்பினர்கள் இந்தச் சமயத்தில் வசூலுக்கு நெருக்காமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவர் என்னிடம் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். முதல் பக்கத்தில் நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன்: தேதி, லேப் பெயர், எண், டாக்டர் சொன்னது. தம்பியின் நோட்டில் அடுத்த பரிசோதனை தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு என்று எழுதியிருக்கிறேன். அன்று மண்டி காலையில் 11 மணிக்குத்தான் திறக்கும்.